எபிசோட் 41: பழைய பல்செட்டைத் தூக்கிப் போடாதீங்க

குமாரபாளையத்துல இருந்து பேசறேன். வார நாள்ல சாஃப்ட்வேர் வேலை, வாரக் கடைசியில உங்களோட வரலாறு. வழக்கம் போல, பேசினதுல இருந்த தடுமாற்றத்தை எல்லாம் வெட்டிட்டு எழுத்தா இங்க போட்டிருக்கேன்.

போன எபிசோட்ல மேட்டூர் அணையைப் பத்திப் பேசினோம். இந்த வாரம் உள்ளங்கையில அடங்கற ஒரு பொருளைப் பத்திப் பேசப் போறோம். பல்செட்டு. சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும் கேளுங்க.

அம்மாயி பேச்சை நிறுத்தின கதை

எங்க அம்மாயிக்கு 78 வயசு. காவிரிக்கரைப் பக்கம் வீடு, பாலத்தைத் தாண்டினா பவானி. வாழ்க்கை முழுக்க தறிப்பட்டறைச் சத்தத்துக்கு நடுவுல இருந்தவங்க, அதனால சாதாரணமாப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். இருபது வருஷத்துக்கு முன்னாடி மேலயும் கீழயும் முழுசா பல்லு கட்டிக்கிட்டாங்க. அந்தச் செட்டோடதான் என் காதுகுத்துக்கு வந்தவங்களைப் பத்தின வம்பு, முறுக்கு, கறிச்சோறு, எல்லாம்.

ரெண்டு வருஷம் முன்னாடி, துணி துவைக்கற கல்லுக்குப் பக்கத்துல நின்னு பல்லைக் கழுவும்போது கை நழுவி மேல்செட்டு கீழ விழுந்துச்சு. நடுவுல விரிசல். மாமா கடையில விக்கற பசையை வெச்சு ஒட்டிக் குடுத்தாரு. (யாரும் அப்படிப் பண்ணாதீங்க, அது வாய்க்குள்ள போடற பொருள் இல்ல.) நான் அப்பத்தான் சம்பாதிக்க ஆரம்பிச்சு கொஞ்ச வருஷம். "எதுக்கு ஒட்டுப் போட்டது? புதுசே கட்டிடலாம் அம்மாயி"ன்னு பெருமையா ஒரு கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். நல்ல அளவு, நல்ல வெள்ளைப் பல்லு. கண்ணாடியில பார்த்தா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தாங்க.

வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்ல கழட்டி வெச்சுட்டாங்க. "இது ஆரு வாயோ தெரியல கண்ணு"ன்னாங்க. 'ச' சொன்னா விசில் வருது. சோத்துப் பருக்கை எங்க போகுதுன்னு நாக்குக்குத் தெரியல. பழகிடும்னு டாக்டரும் சொன்னாரு, நானும் சொன்னேன். ஆறு மாசம் ஆச்சு. களியும் கரைச்ச சோறும்தான் சாப்பாடு. கல்யாணத்துக்குப் போறதை நிறுத்தினாங்க, அப்புறம் ஆள் வந்தா முந்தானையால வாயை மூடிக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் பேச்சே குறைஞ்சுடுச்சு. அந்த வீட்டுல அம்மாயி குரல் இல்லாம நான் அதுவரைக்கும் இருந்ததே இல்ல.

வேற ஒரு பல் டாக்டர்கிட்ட போனோம். அவரோட லேப்ல வேலை செய்யற டென்டல் மெக்கானிக் அண்ணன் புது செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "வேலை சுத்தமாத்தான் இருக்குது தம்பி. பழசு எங்கீங்க? தூக்கிப் போட்டுட்டீங்களா?"

அந்தக் கேள்விக்குப் பின்னாடி இருக்கற வரலாறுதான் இந்த எபிசோட்.

ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணு

பல்செட்டை நகல் எடுக்கறதுங்கறது மனுஷ வரலாற்றுல ரொம்பப் புதுசான விஷயம். ரொம்ப காலத்துக்கு அது செதுக்கற பொருளா இருந்தது. ஜப்பான்ல 16ஆம் நூற்றாண்டுலயே மரத்துல செதுக்கின முழு பல்செட்டு இருந்திருக்கு. ஐரோப்பாவுல தந்தம், நீர்யானைப் பல்லு.

இதுல பிரபலமான வாய் ஜார்ஜ் வாஷிங்டனோடது. 1789ல அமெரிக்க ஜனாதிபதியாப் பதவி ஏற்கும்போது அவர் வாயில மிச்சம் இருந்த சொந்தப் பல்லு ஒண்ணே ஒண்ணு. மரப்பல்லு வெச்சிருந்தார்ங்கறது கட்டுக்கதை. ஜான் கிரீன்வுட்ங்கற பல் மருத்துவர் நீர்யானைத் தந்தத்துல செஞ்சு குடுத்தாரு. வாஷிங்டன் அவருக்கு எழுதின கடிதங்கள் இன்னைக்கும் இருக்கு. பல்செட்டு உதட்டை வெளிய தள்ளுதுன்னு 1798லயும் புகார் சொல்லிட்டு இருந்திருக்காரு. ஒரு நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்தவரும் எங்க அம்மாயியும் ஒரே பிரச்சனையைத்தான் சொல்றாங்க பாருங்க: இது என் மூஞ்சி இல்ல.

செதுக்கின செட்டுக்கு நகல் கிடையாது. உடைஞ்சா மறுபடி முதல்ல இருந்து செதுக்கணும். கை வேற, தந்தம் வேற, அதனால பல்லும் வேற.

உடையற அச்சு

நகல் எடுக்க முதல்ல என்ன வேணும்? அச்சு. நம்ம ஊர்ல அச்சுன்னா தறி அச்சுதான் முதல்ல ஞாபகம் வரும், அதுக்குக் கடைசியில வரேன். இங்க நான் சொல்றது வாயோட அச்சு.

1756ல பிலிப் பாஃப்ங்கற ஜெர்மன் பல் மருத்துவர் ஒரு புத்தகம் எழுதறாரு. பிரஷ்ய ராஜா ரெண்டாம் ஃபிரெடரிக்கோட பல் மருத்துவர் அவர். மெழுகை மிருதுவாக்கி ஈறுல அழுத்தி அச்சு எடுக்கலாம், அதுல பாரிஸ் சாந்தை ஊத்தினா வாயோட வார்ப்பு கிடைக்கும்னு அதுல விளக்கறாரு. இதுக்கப்புறம் நோயாளி பக்கத்துல இல்லாமலே அவரோட வாய் மேசை மேல இருக்கும். இன்னைக்கு இருக்கற பல் லேப் எல்லாம் அந்த யோசனை மேலதான் நிக்குது.

ஆனா வார்ப்பு இருந்தாலும், செட்டைச் செய்யற பொருள் செதுக்கற பொருளாவே இருந்தது. ஊத்தவோ அமுக்கவோ கூடிய பொருள் வரணும். அது ரப்பர் வடிவத்துல வந்துச்சு. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோட சூடாக்கற முறைக்கு 1844ல காப்புரிமை வாங்கினாரு, அவர் தம்பி நெல்சன் குட்இயர் 1851ல கெட்டி ரப்பருக்கு வாங்கினாரு. அந்தக் கெட்டி ரப்பர்தான் வல்கனைட். மெழுகுல பல்செட்டைச் செஞ்சு, சாந்துல புதைச்சு, மெழுகை உருக்கி எடுத்துட்டு, அந்த இடத்துல ரப்பரை அமுக்கி வேக வெச்சா ஈறு தயார். விலை சடசடன்னு இறங்குச்சு.

ஒரு குட்டிக் கதை, நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும். வல்கனைட் பல்செட்டுக்கு 1864ல ஒரு காப்புரிமை கிடைச்சது. அதை வாங்கின கம்பெனி அமெரிக்காவுல ஒவ்வொரு பல் மருத்துவர்கிட்டயும் லைசென்ஸ் காசு கேட்டு, குடுக்காதவங்க மேல வழக்குப் போட்டுச்சு. அதை நடத்தின ஜோசையா பேகனை 1879ல சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பல் மருத்துவர் சுட்டே கொன்னுட்டாரு. ரெண்டு வருஷத்துல காப்புரிமையும் காலாவதி. லைசென்ஸ் சண்டை சாஃப்ட்வேர்லதான் ஆரம்பிச்சதுன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

1937ல வல்கனைட்டோட இடத்துக்கு அக்ரிலிக் வருது, முழுப் பேர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். பொடியையும் திரவத்தையும் கலந்தா மாவு மாதிரி ஆகும், அமுக்கி வேக வெச்சா கெட்டியாகும், ஈறு நிறத்துலயே கிடைக்கும். இன்னைக்கு நீங்க பார்க்கற பெரும்பாலான பல்செட்டு இதுதான்.

இந்த முறையைக் கேட்கும்போது உங்களுக்கு சுவாமிமலை ஞாபகம் வரணும். மெழுகுல உருவம், மேல களிமண் பூச்சு, சூடு பண்ணா மெழுகு வெளிய, அந்த வெற்றிடத்துக்குள்ள உருகின உலோகம். பல் லேப்ல களிமண்ணுக்குப் பதிலா சாந்து, உலோகத்துக்குப் பதிலா அக்ரிலிக். சோழர் காலத்து நடராஜரும் அம்மாயி பல்செட்டும் ஒரே தொழில்நுட்பம்னு சொன்னா மிகையில்ல.

அதனாலேயே குறையும் ஒண்ணுதான். சுவாமிமலையில சிலையை வெளிய எடுக்க அச்சை உடைக்கணும். பல் லேப்லயும் சாந்தை உடைச்சுத்தான் செட்டை எடுக்கணும். அச்சு ஒரே தடவைதான் வேலை செய்யும். செட்டு கைக்கு வரும்போது அதைச் செஞ்ச அச்சு குப்பையில கிடக்கும்.

சரி, செஞ்ச செட்டை மறுபடி சாந்துல புதைச்சு அச்சு எடுக்கலாமே? முடியாது. பல்செட்டுல உள்பக்கமா வளைஞ்ச இடங்கள் இருக்கும். கெட்டியான சாந்து அங்க போய்ப் பிடிச்சுக்கும். வெளிய எடுக்கணும்னா ரெண்டுல ஒண்ணு உடையணும்.

வளைஞ்சு குடுக்கற அச்சு

அதனால நகலுக்கு வேண்டியது வளைஞ்சு குடுத்துட்டு மறுபடி பழைய வடிவத்துக்கு வர்ற அச்சு. அது கடல்ல இருந்து வந்துச்சு.

நோன்புக் காலத்துல பாய் வீட்டுல இருந்து வர்ற கடல்பாசி சாப்பிட்டிருப்பீங்க. வழுவழுன்னு, அமுக்கினா அமுங்கி திரும்ப எழும்பும். அதுதான் அகர். கொதிநிலைக்குப் பக்கத்துல உருகும், ஆனா 40 டிகிரிக்குப் பக்கத்துல ஆறினாத்தான் திரும்ப உறையும். 1925ல வியன்னாவுல அல்ஃபோன்ஸ் போலர்ங்கறவர் அகரை வெச்சு உருவங்களுக்கு அச்சு எடுக்கற கலவையைக் கொண்டு வர்றாரு. கொஞ்ச வருஷத்துலயே அது பல் மருத்துவத்துக்குள்ள வந்துடுச்சு.

அப்ப உலகத்துக்கு அகர் குடுத்தது பெரும்பாலும் ஜப்பான். ரெண்டாம் உலகப்போர்ல அந்த வரத்து நின்னு போச்சு. மாத்து தேடினப்ப பழுப்புப் பாசியில இருந்து எடுக்கற ஆல்ஜினேட் முன்னால வந்துச்சு. அதை இ.சி.சி. ஸ்டான்ஃபோர்டுங்கற வேதியியலாளர் 1881லயே பிரிச்சு எடுத்திருந்தாரு. பொடியைத் தண்ணியில குழைச்சா சில நிமிஷத்துல ரப்பர் மாதிரி உறையும். பல் டாக்டர் உங்க வாயில ஒரு தட்டுல குழகுழன்னு எதையோ வெச்சு அமுக்கியிருந்தா, அது அநேகமா ஆல்ஜினேட்தான்.

இந்த ரெண்டு பாசியும் நம்ம கடல்லயே விளையுது. ராமநாதபுரம் கரையில, மன்னார் வளைகுடாவுல, பெண்கள் மூச்சைப் பிடிச்சு முங்கி எடுக்கற மரிக்கொழுந்துப் பாசி அகருக்கும், கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்கும் போகும். கண்ணுல ஒரு கண்ணாடி, கையில சுத்தின துணி, இடுப்புல பை. பாறையில கை கிழியும். பல்செட்டு வரலாறுன்னு தேடினா டாக்டர்கள் பேர்தான் வருது. இவங்க பேரும் எங்கயாவது வரணும்னு எனக்குத் தோணுச்சு.

சர்ச்சிலோட மாத்துச் செட்டு

அச்சு கிடைச்சாச்சு. நகல் எதுக்கு? புதுசு நல்லா செஞ்சா போதாதா?

இதுக்கு நல்ல சாட்சி வின்ஸ்டன் சர்ச்சில். அவருக்கு 'ச' சரியா வராது, கொஞ்சம் குழறும். ரேடியோவுல அந்தக் குழறலோட சேர்த்துத்தான் மக்கள் அவர் குரலை அடையாளம் வெச்சிருந்தாங்க. அவரோட மேல்தாடைப் பகுதிச் செட்டு அண்ணத்தோட முழுசா ஒட்டாத மாதிரி, அந்தக் குழறலைக் காப்பாத்தற மாதிரி வேணும்னே செஞ்சது. டாக்டர் வில்ஃப்ரெட் ஃபிஷ், செஞ்ச டெக்னீஷியன் டெரெக் கட்லிப். ஒரே மாதிரி பல செட்டு செஞ்சு, ரெண்டை எப்பவும் கூடவே வெச்சுக்குவாராம் சர்ச்சில். கட்லிப்புக்கு ராணுவத்துல சேரச் சொல்லி உத்தரவு வந்தப்ப, சர்ச்சிலே அதைக் கிழிச்சுப் போட்டார்னு அவங்க குடும்பத்துல சொல்றாங்க. ஒரு செட்டு லண்டன் ஹன்டேரியன் மியூசியத்துல இருக்கு. இன்னொண்ணு 2010ல 15,200 பவுண்டுக்கு ஏலம் போச்சு.

அங்க காப்பாத்தினது பல்லை மட்டும் இல்ல, குரலையும்தான். அம்மாயிக்கு நான் செய்யத் தவறினது அதுதான்.

பாதி நகல், பாதி புதுசு

இருபது வருஷம் ஒரு செட்டைப் போட்டவங்களோட நாக்கு, கன்னம், உதடு மூணும் அந்த வடிவத்தைப் படிச்சு வெச்சிருக்கும். எங்க அமுக்கினா செட்டு ஆடாது, எந்த மூலையில சோத்தை உருட்டணும், 'ச'வுக்கு நாக்கு எங்க தொடணும், எல்லாம். கீழ்செட்டு பெரும்பாலும் இந்தப் பழக்கத்தாலதான் நிக்குது. வயசானவங்களுக்கு இந்தப் பாடத்தை அழிச்சுப் புதுசாப் படிக்கறது ரொம்பக் கஷ்டம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல பழைய கோடைப் பார்த்து "அசிங்கமா இருக்கு, முழுசா மாத்தி எழுதிடலாம்"னு நான் துள்ளினது ஞாபகம் வருது. அந்த அசிங்கத்துல பத்து வருஷ அனுபவம் இருக்கும்.

அப்ப அப்படியே நகல் எடுத்துட்டா? அதுலயும் வம்பு இருக்கு. பல்லு போன தாடை எலும்பு வருஷா வருஷம் கரையும். ஆன்ட்யே டால்கிரென் 25 வருஷம் வரைக்கும் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1972ல எழுதின ஆய்வு இதுல பேர் போனது. கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையை விட சுமார் 4 மடங்கு கரையுதுன்னு அதுல வந்துச்சு. அதனால ஈறுல உட்காரற பக்கம் இருபது வருஷம் பழசா இருக்கக் கூடாது. நாக்கும் கன்னமும் தொடற பக்கம் பழசாவே இருக்கணும்.

பிரிட்டன்ல 'காப்பி டென்ச்சர்'னு பேர் வெச்சுப் பரப்பின முறை இதைத்தான் செய்யுது. லேப்ல அந்த அண்ணன் பக்கத்துல நின்னு பார்த்தேன், சொல்றேன்.

முதல்ல விரிசலைச் சரி பண்ணாரு. அப்புறம் ஒரு டப்பா எடுத்தாரு, பார்த்தா சோப்பு டப்பா. இதுக்குன்னு தனி டப்பா இருந்தாலும் சோப்பு டப்பா ரொம்ப நாளா ஊர் உலகமெல்லாம் புழக்கத்துல இருக்கறதுதான். கீழ்ப்பாதியில ஆல்ஜினேட்டை ரொப்பி, பல்லு கீழ பார்க்கற மாதிரி செட்டை ஓரம் வரைக்கும் அமுக்கினாரு. உறைஞ்சதும் மேல வாசலின் தடவி, மேல்பாதியிலயும் ஆல்ஜினேட்டை ரொப்பி மூடினாரு. உறைஞ்சதும் திறந்தா, ரெண்டு பாதியிலயும் அம்மாயி பல்செட்டோட தடம். செட்டு முழுசா, சேதாரம் இல்லாம வெளிய வந்துச்சு. கழுவி உடனே அம்மாயி கையில குடுத்தாச்சு. அதுவரைக்கும் முந்தானையால வாயை மூடிட்டு வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க.

அடுத்து வேகமா வேலை. ஆல்ஜினேட் காத்துல காய்ஞ்சா சுருங்கும், அளவு போயிடும். ஓரத்துல ரெண்டு ஓட்டை வெட்டி, பல்லு இருந்த பள்ளத்துல மெழுகை ஊத்தி, டப்பாவை மூடி, ஒரு ஓட்டை வழியா தானா இறுகற அக்ரிலிக்கை ஊத்தினாரு. இன்னொரு ஓட்டையில எட்டிப் பார்த்தா நிறைஞ்சுதுன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல அம்மாயி செட்டோட இரட்டைப் பிறவி மேசை மேல.

இது வாயில போடற கடைசிச் செட்டு இல்ல. இந்த நகலை வெச்சு டாக்டர் ஈறுல புதுசா அளவு எடுத்தாரு, கடியைச் சரி பார்த்தாரு. அப்புறம் அந்த அண்ணன் மெழுகுப் பல்லை ஒவ்வொண்ணா எடுத்துட்டு அதே இடத்துல, அதே சாய்வுல புதுப் பல்லை வெச்சாரு. கடைசியா சாந்து, வெந்நீர், அக்ரிலிக்னு பழைய சுவாமிமலை வழி.

பார்த்துட்டே இருக்கும்போதுதான் எனக்குத் தறி அச்சு ஞாபகம் வந்துச்சு. பாவு முடியும்போது பழைய நூலை மொத்தமா உருவிட மாட்டாங்க. அச்சுலயும் விழுதுலயும் கோத்திருக்கற பழைய பாவோட வால் பகுதியை அப்படியே விட்டுட்டு, புதுப் பாவோட இழை ஒவ்வொண்ணையும் பழைய இழையோட நுனியில பிணைப்பாங்க. ஆயிரக்கணக்குல இழை. மெதுவா இழுத்தா, பழைய நூல் போன வழியிலயே புது நூல் வந்துடும். பாவு பிணைக்கறதுன்னு சொல்வோம். அம்மாயி வாயில அவங்க பிணைச்சது அதுதான்.

யார் கையில இருந்த வித்தை

தமிழ்நாட்டுல இந்த வேலையைப் பட்டம் இல்லாத கைகள்தான் ரொம்ப நாள் தூக்கிச் சுமந்தது. சீனாவோட ஹூபே மாகாணத்துல இருந்து வந்த குடும்பங்கள் சென்னையில தலைமுறை தலைமுறையா பல் வைத்தியம் பார்த்தாங்க. 1948ல பல் மருத்துவர் சட்டம் வந்தப்ப, படிச்சுப் பட்டம் வாங்கினவங்களுக்கு ஏ பிரிவு, பட்டம் இல்லாம குறைஞ்சது அஞ்சு வருஷம் அதையே பிழைப்பா செஞ்சவங்களுக்கு பி பிரிவுன்னு பதிவேட்டைப் பிரிச்சாங்க. டென்டல் மெக்கானிக்குகளுக்கும் அதே சட்டத்துல தனிப் பதிவேடு. 1953ல சென்னை மருத்துவக் கல்லூரியில பல் மருத்துவப் பிரிவு தொடங்குச்சு, இன்னைய அரசு பல் மருத்துவக் கல்லூரி அதுல இருந்து வளர்ந்தது. எங்க ஊர்லயே 1980கள்ல ஜே.கே.கே. நடராஜா பல் மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு.

இப்ப ஸ்கேனர் வந்தாச்சு. பழைய செட்டைச் சுத்திச் சுத்திப் படம் பிடிச்சா ஒரு ஃபைல், 3டி பிரின்டர்ல நகல். ஆல்ஜினேட் வேண்டாம், சோப்பு டப்பா வேண்டாம். செட்டு நல்லா இருக்கும்போதே அந்த ஃபைலை எடுத்து வெச்சுக்கிட்டா, உடைஞ்சாலும் தொலைஞ்சாலும் வடிவம் பத்திரமா இருக்கும். பேக்கப் எடுக்காத ஆளை ஆபீஸ்ல திட்டற நான், அம்மாயி வாய்க்கு எடுக்கணும்னு யோசிச்சதே இல்ல.

உங்க வீட்டுல பல்செட்டு போடற பெரியவங்க இருந்தா மூணு விஷயம். கழுவும்போது கீழ ஒரு பாத்திரத்துல தண்ணி வெச்சுக்கச் சொல்லுங்க, நழுவினா உடையாது. கொதிக்கற தண்ணியில போடாதீங்க, அக்ரிலிக் நெளிஞ்சுடும். புதுசு கட்டப் போனா பழசையும் கையோட எடுத்துட்டுப் போய், "இதை நகல் எடுக்க முடியுமா?"ன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. எல்லாருக்கும் இது பொருந்தாது. பழைய செட்டே சரியில்லாம இருந்தா புதுசுதான் வழி. ஆனா கேட்காம விட்டுடாதீங்க. நான் கேட்காததுக்கு விலை ஆறு மாசம், அதை நான் குடுக்கல, அம்மாயி குடுத்தாங்க.

நகல் செட்டைப் போட்டுப் பார்த்துட்டு அம்மாயி ஒண்ணுமே சொல்லல. வெளிய வந்து ஆட்டோக்காரர்கிட்ட இருபது ரூபாய்க்கு சண்டை போட்டாங்க, அப்பத்தான் எனக்கு உசிரு வந்துச்சு. பழசு இப்ப அவங்க சுருக்குப் பையில, வெத்தலை பாக்கோட பத்திரமா இருக்கு.

ஆடியோவுல இந்த இடத்துல ஒரு குரல் குறுக்க வரும். வெட்டலாம்னு பார்த்தேன், மனசு வரல.

"ஏஞ்சாமி, அந்த மைக்குக்கிட்ட பேசினது போதும். சோறு ஆறுது, எந்திரிச்சு வா."

சரி மக்களே, நான் சாப்பிடப் போறேன். அடுத்த எபிசோட்ல பவானி ஜமக்காளம். வணக்கம்.